எங்கள் அடுப்படியின் ஐந்தாவது ரேடியோ

எங்கள் வீட்டு அடுப்படியில் இப்போது இருப்பது ஐந்தாவது ரேடியோ. முதல் ரேடியோ, நான் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், 1980களின் தொடக்கத்தில் சீட்டுப் பணம் எடுத்து வாங்கியது. முப்பது வருடம் ஓடியது. அதற்கும் இப்போது இருப்பதற்கும் நடுவே மூன்று ரேடியோக்கள் வந்து போயின. அந்த மூன்றையும் மோசமான ரேடியோ என்று சொல்ல மாட்டேன். ஹாலிலோ படுக்கையறையிலோ வைத்திருந்தால் நன்றாகவே பாடியிருக்கும். அடுப்படிக்குத்தான் ஒத்துவரவில்லை.

அடுப்படியில் கை ஈரமாக இருக்கும், இல்லாவிட்டால் மாவாக இருக்கும். கண் அடுப்பில் இருக்கும். காதுக்குள் மிக்ஸி, குழாய்த் தண்ணீர், புகைபோக்கி விசிறி, குக்கர் விசில் எல்லாம் ஒன்றாக வந்து விழும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். கடையில் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அதனால்தான் மூன்று முறை ஒத்துவராத ரேடியோ வந்து சேர்ந்தது.

முதல் ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்திய அலையும் (டயலில் MW) சிற்றலையும் (SW) மட்டும் உள்ள ரேடியோ. பண்பலை, அதாவது எஃப்.எம்., கிடையாது. வலது பக்கம் பெரிய திருகு, இடது பக்கம் சின்னத் திருகு. அத்தைக்குப் பிறந்த ஊர் லால்குடி பக்கம். அதனால் ரேடியோ என்றாலே அவருக்குத் திருச்சி வானொலிதான். 1939இல் தொடங்கிய நிலையம் அது. மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். முள்ளை ஒரு முறை அங்கே நிறுத்தியவர், வருடக்கணக்கில் நகர்த்தவே இல்லை. காலையில் ஆகாசவாணியின் தொடக்க இசை வரும்போது பால் அடுப்பில் ஏறிவிடும். வால்டர் காஃப்மன் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர் 1930களில் அமைத்த அந்த இசை, எங்கள் வீட்டில் பால் பொங்கும் வாசனையோடு சேர்ந்தே மனதில் பதிந்திருக்கிறது. 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. "செய்தி முடியறதுக்குள்ள டப்பாவெல்லாம் மூடிரணும்டி" என்பார் அத்தை. அந்த அடுப்படியில் சுவர்க் கடிகாரமே கிடையாது. தேவையும் படவில்லை.

2011இல் அந்த ரேடியோவின் டயல் நூல் அறுந்தது. நூல் மாற்றிக் கொண்டுவந்தோம். பிறகு பேண்ட் சுவிட்ச், அதாவது ஒரு அலையிலிருந்து இன்னொரு அலைக்கு மாற்றும் சுவிட்ச், போனது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கடையில் பாதி அதற்குள் செல்போன் கவர் கடையாகிவிட்டிருந்தது. "இதுக்கு பார்ட்ஸ் வர்றதில்லம்மா, புதுசு வாங்கிக்கோங்க" என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

புதிதாக வாங்கப் போனது நான். உள்ளங்கை அளவு, சிவப்பு நிறம், பென் டிரைவ் செருகலாம், மெமரி கார்டு போடலாம், பண்பலை வரும். பார்த்ததுமே பிடித்துவிட்டது. கொடைக்கானல் பண்பலை (சுருக்கமாகக் 'கோடை'), 100.5 மெகாஹெர்ட்ஸ், மலையுச்சியிலிருந்து வருவதால் எங்கள் ஊரில் கணீரென்று கேட்கும். அதை அடுப்படியில் கேட்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. வாங்கி வந்து போட்டேன், கேட்டது. அத்தை பக்கத்தில் வந்து நின்று, "திருச்சி எங்க?" என்றார். அந்தப் பெட்டியில் மத்திய அலை இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடம் அந்த வீட்டில் கேட்ட குரலை நான் ஒரே நாளில் வெளியே அனுப்பியிருந்தேன்.

அதனால் ரேடியோ வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். கடைக்குப் போவதற்கு முன்னால், வீட்டில் யார் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அது மத்திய அலையா பண்பலையா என்றும் எழுதுங்கள். தனியார் பண்பலைகளில் பாட்டும் பேச்சும் உண்டு, சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அவற்றுக்கு அனுமதி இல்லை. செய்தி, வேளாண் நிகழ்ச்சி, நாடகம், கர்நாடக இசை வேண்டுமென்றால் ஆகாசவாணிக்குத்தான் வர வேண்டும். அது உங்கள் ஊரில் எந்த அலையில் தெளிவாகக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கடைகளில் இப்போது பண்பலை மட்டும் உள்ள பெட்டிகளே அதிகம். "ரேடியோ" என்று மட்டும் கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

அந்தச் சிவப்புப் பெட்டியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. உள்ளே இருந்தது செல்போனில் போடுவது போன்ற தட்டையான பேட்டரி. சார்ஜ் போட்டால்தான் ஓடும். 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் ஊரில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் வருவதைவிடப் போவதே அதிகம். மின்சாரம் வரும் கொஞ்ச நேரத்தில் மாவரைக்க வேண்டும், மோட்டார் போட வேண்டும், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ரேடியோவின் முறை வருவதே இல்லை. வீடே இருட்டில் இருந்தபோது, கேட்க ஆசையாக இருந்த நேரத்தில், அது வாயை மூடிக் கிடந்தது. ஒரு வருடத்தில் பேட்டரி உப்பி, பின்மூடி மூடவில்லை. உப்பிய பேட்டரியை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்று அன்றே எடுத்துப்போட்டேன்.

மூன்றாவது ரேடியோ அமெரிக்காவிலிருந்து வந்தது. என் கொழுந்தனார் அண்ணிக்கென்று ஆசையாக வாங்கி வந்தார். அங்கே சமையலறைக்கென்றே தனியாக ரேடியோ செய்கிறார்கள். மேல் அலமாரியின் அடிப்பலகையில் திருகி மாட்டிவிடலாம், மேடையில் இடம் அடைக்காது, எண்ணெயும் தண்ணீரும் அவ்வளவாகத் தெறிக்காது. யோசித்துச் செய்த பொருள்தான். எங்கள் அடுப்படியில் மர அலமாரி இல்லை, கடப்பாக் கல் பலகைதான். அதனால் கல்லின் மேலேயே வைத்தோம். 110 வோல்ட் ரேடியோ என்பதால் நம் மின்சாரத்தை இறக்கித் தர ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்க வேண்டியிருந்தது.

இந்த முறை மத்திய அலை இருந்தது. அத்தைக்கு ஆறுதல். ஆனால் 936ஐ வைக்கவே முடியவில்லை. பொத்தானை அழுத்தினால் 930 வரும், அடுத்து 940 வரும், நடுவில் எதுவும் வராது. 940இல் திருச்சியின் குரல் மூக்கடைத்தவர் பேசுவது போல் வந்தது. மதுரை நிலையத்தின் 1269ஐத் தேடினால் 1270இல் ஓரளவு சரியாகக் கேட்டது. ஒன்று கேட்கிறது, இன்னொன்று கேட்கவில்லை. ஒரு வாரம் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகன். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அமெரிக்காவில் அந்த இடைவெளி 10. எண் காட்டும் டிஜிட்டல் ரேடியோக்கள் அந்தந்த நாட்டுக் கணக்கில்தான் தாண்டித் தாண்டிப் போகும். 1269க்கும் 1270க்கும் ஒரு கிலோஹெர்ட்ஸ்தான் வித்தியாசம், அதனால் மதுரை தப்பித்தது. 936க்கும் 940க்கும் நான்கு, அதனால் திருச்சி சிக்கிக்கொண்டது.

சில ரேடியோக்களில் 9, 10 என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கும். பின்பக்கம் சின்ன சுவிட்ச் இருக்கலாம், ஏதாவது ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கலாம். எங்களுடையதில் அந்த வசதி இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது ரேடியோ வாங்கி வருகிறேன் என்று சொன்னால் இந்த ஒன்றையும், 220 வோல்ட் ஏற்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். அன்பாகக் கொண்டுவந்து கொடுத்த பிறகு வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். நாங்கள் இரண்டு வருடம் சொல்லாமலே வைத்திருந்தோம்.

அதில் இன்னொரு கஷ்டம், எல்லாமே பொத்தான். சத்தத்தைக் குறைக்க ஒரே அளவில் ஐந்து பொத்தான்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் மூன்றாவதை ஏழு எட்டு தடவை அழுத்த வேண்டும். அத்தைக்குக் கண்புரை அறுவை செய்வதற்கு முந்தைய வருடம் அது. அவர் தடவித் தடவி ஏதோ ஒன்றை அழுத்துவார், நிலையம் மாறிவிடும். மறுபடி கண்டுபிடிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிடவும் தயங்குவார். நான் வேலையிலிருந்து திரும்பி வரும்வரை வேறு ஏதோ நிலையத்தையோ வெறும் இரைச்சலையோ கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. மின்சாரம் போய் வந்தால், சேமித்து வைத்த நிலையங்களும் அழிந்துவிடும்.

நான்காவது, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். உருளை வடிவம், உள்ளே பண்பலையும் உண்டு. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டுக்கு அதிர்வு நன்றாக இருந்தது, பேச்சு புரியவில்லை. சமையலறைச் சுவரில் டைல்ஸ், மேடையில் கிரானைட், பலகை முழுக்க எவர்சில்வர். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கே துணியோ மெத்தையோ இல்லை. அடித்தொண்டை ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ஸ்பீக்கரை அங்கே வைத்தால் எல்லாம் எதிரொலித்து ஒன்றோடொன்று கலந்துவிடும். நமக்கு ச, த, க, ப போன்ற எழுத்துகள் பிரிந்து கேட்டால்தான் வார்த்தை புரியும். பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லி ரேடியோ வாங்காதீர்கள். செய்தியோ உரையாடலோ ஓடும் நேரத்தில் போய், நான்கடி தள்ளி நின்று, பாதி சத்தத்தில் கேளுங்கள். வார்த்தை புரிந்தால் அது அடுப்படிக்கு ஆகும். அகலமான முன்பக்கம், மூன்று நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, அது போதும். இரண்டு ஸ்பீக்கர் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஐந்தாவதை வாங்கியது 2018 அக்டோபரில். இந்த முறை நான் தனியாகப் போகவில்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கடைக்காரத் தம்பி, "இப்ப யாருக்கா ரேடியோ வாங்குறாங்க, ஸ்பீக்கர் பாருங்க" என்றார். "இல்லப்பா, திருகு வச்ச ரேடியோதான் வேணும்" என்று அத்தை உறுதியாகச் சொன்னார். கடைக்காரத் தம்பி உள்ளே போய்த் தூசி தட்டி மூன்று ரேடியோக்களை எடுத்து வந்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். சத்தத் திருகு எது, நிலையத் திருகு எது, இரண்டுக்கும் அளவில் வித்தியாசம் இருக்கிறதா, அணைக்கும்போது "டிக்" என்று விரலுக்குத் தெரிகிறதா. மூன்றில் ஒன்றில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. மற்ற இரண்டிலும் இரண்டு திருகும் ஒரே பக்கம், ஒரே அளவு.

கண்ணை மூடிப் பார்ப்பதை எல்லோருமே செய்யலாம் என்று சொல்வேன். பார்வை நன்றாக உள்ளவர்களும் அடுப்படியில் ரேடியோவைப் பார்த்து இயக்குவதில்லை. வடைச்சட்டியைப் பார்த்துக்கொண்டே இடது கையின் சுண்டுவிரலால் சத்தத்தைக் குறைக்கிறோம். அந்தச் சுண்டுவிரலுக்கு வழி தெரிய வேண்டும். முன்பக்கம் தொடுதிரையோ வழவழப்பான பொத்தானோ இருந்தால், விரலில் எண்ணெய் பட்டாலே வழி தவறிவிடும்.

கடைக்காரரிடம் கேட்டு, ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் தருவதாகச் சொன்னோம். தெரிந்த கடை என்பதால் ஒத்துக்கொண்டார். முடியாது என்று சொன்னாலும், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டது, அதற்கு முந்தைய ஏழு வருடத்தில் கற்றதைவிட அதிகம்.

எங்கள் அடுப்படி அக்கினி மூலையில் இருக்கிறது. கிழக்குச் சுவரில் அடுப்பும் ஜன்னலும். மேற்கே ஹாலுக்குப் போகும் வாசல். ரேடியோவை முதலில் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஜன்னல் என்றால் நன்றாக எடுக்கும் என்ற நினைப்பு. பண்பலை இரைந்தது. பிறகுதான் யோசித்தேன், கொடைக்கானல் எங்களுக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கு ஜன்னலில் வைத்தால் அந்த அலை முழு வீட்டையும், கம்பி போட்ட கான்கிரீட்டையும் தாண்டி வர வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் வடக்குச் சுவர்ப் பலகைக்குக் கொண்டுவந்ததும் தெளிந்துவிட்டது. அங்கேயும் பாத்திர ஸ்டாண்டை ஒட்டி வைத்தபோது கரகரத்தது, ஒன்றரை அடி நகர்த்தியதும் நின்றது. பண்பலையின் அலைநீளம் சுமார் மூன்று மீட்டர். சுவரிலும் எவர்சில்வரிலும் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு மோதும்போது, ஓரிடத்தில் கூடும், முக்கால் மீட்டர் தள்ளி இன்னோரிடத்தில் குறையும். அதனால் எடுக்கவில்லை என்றால் ரேடியோவைக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். நீளும் ஏரியலை முழுதாக இழுத்து, நிமிர்த்தியும் சாய்த்தும் பாருங்கள்.

மத்திய அலைக்கு அந்த நீட்டுக் கம்பியால் பயனில்லை. பெட்டிக்குள் மேல்பக்கமாகக் குறுக்கே படுத்திருக்கும் கறுப்பு ஃபெரைட் கம்பிதான் அதற்கு ஏரியல். அந்தக் கம்பியின் பக்கவாட்டுக்கு நேராக நிலையம் இருந்தால் நன்றாக எடுக்கும். கம்பியின் நுனிக்கு நேராக நிலையம் இருந்தால் சத்தம் அடங்கிவிடும். எளிதாகச் சொன்னால், ரேடியோவின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்க்க வேண்டும், தோள் பார்க்கக் கூடாது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி ஏறக்குறைய ஈசானியத்தில் இருக்கிறது. ரேடியோவின் முதுகை ஈசானியத்துக்குக் காட்டிக் கொஞ்சம் சாய்த்து வைத்ததும், 936 அப்படியே அடுப்படியை நிறைத்தது. அத்தையின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். அதே நிலையில் தெற்கே இருக்கும் மதுரை மங்கிப்போகும். மதுரை வேண்டுமென்றால் கால்வாசி திருப்ப வேண்டும். எங்களுக்குத் திருச்சிதான் வேண்டும் என்பதால் அப்படியே விட்டுவிட்டோம்.

இந்தத் திசைக் குணத்தை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்போ, இன்வெர்ட்டரோ இரைச்சல் அனுப்பினால், ரேடியோவின் தோளை அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள். இரைச்சல் பெருமளவு குறையும். நிலையமும் அதே பக்கம் இருந்தால் மட்டும் வழியில்லை.

சொந்த வீட்டு இரைச்சலையும் அன்றே சோதித்தேன். ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்தேன். மிக்ஸி போட்டதும் மத்திய அலையில் படபடவென்று பொரிந்தது. மிக்ஸியின் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும்போது பொறி பறக்கும், அதுதான் காரணம். அது அரைக்கும்வரைதான், பரவாயில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு மோசம், எரியும் நேரம் முழுக்க விர்ரென்று இழுக்கிறது. செல்போன் சார்ஜரும் அப்படியே. ரேடியோவுக்குப் பக்கத்து பிளக்கில் சார்ஜர் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டோம். எல்லாவற்றையும்விட வியப்பு, மேடைக்கு மேல் இருந்த ஒரு மலிவான எல்.இ.டி. பல்பு. அதை அணைத்ததும் திருச்சி இரண்டு மடங்கு தெளிந்தது. பல்பை மாற்றினோம், தீர்ந்தது. பண்பலையை இவை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

சோதிப்பதை நீங்கள் கேட்கப்போகும் நேரத்திலேயே செய்யுங்கள். இருட்டிய பிறகு மத்திய அலையில் எட்டாத ஊரெல்லாம் வந்து குவியும். கடையில் ராத்திரி எட்டு மணிக்கு இலங்கை கணீரென்று கேட்டது என்று நம்பி வாங்கினால், காலை பத்து மணிக்கு அது இருக்காது. பகலில் வானத்தின் கீழடுக்கு அந்த அலையை விழுங்கிவிடும்.

மின்சாரத்துக்கு வருவோம். எங்கள் ரேடியோ நேரடி மின்சாரத்திலும் ஓடும், பெரிய பேட்டரிக் கட்டையிலும் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கிறது, வெளியே அடாப்டர் கிடையாது. மலிவான அடாப்டர்களே மத்திய அலைக்கு இரைச்சல் தரும் என்பதால் இது எனக்குப் பிடித்தது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடினாலும் மாதம் அரை யூனிட்கூட ஆகாது. பேட்டரியில் ஓட்டுவதென்றால் பெரிய கட்டை போடும் ரேடியோவாகப் பாருங்கள். பென்சில் பேட்டரி போடும் சின்ன ரேடியோவை ஒரு மாதம் கடன் வாங்கி ஓட்டிப் பார்த்தேன், தினமும் மூன்று மணி நேரம் வைத்தால் வாரத்துக்கு ஒரு ஜோடி. பெரிய கட்டை எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது.

வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், நவம்பர் 16, கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, டெல்டாவைப் புரட்டிப்போட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தது. கொடைக்கானல் மலையில் மரம் சாய்ந்து, மண் சரிந்து கிடந்த நாள். எங்களுக்கும் மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னலும் வருவதும் போவதுமாக இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அத்தை அந்தத் திருகைத் தடவித் திருப்பினார். எந்தச் சாலை மூடியிருக்கிறது, மழை எப்போது விடும் என்று கேட்டுக்கொண்டே கஞ்சி வைத்தோம். லால்குடியில் இருக்கும் தன் தங்கையைப் பற்றிய கவலை அவருக்கு. திருச்சியின் குரல் கேட்டுக்கொண்டிருந்ததே அவருக்குப் பாதி தைரியம்.

ரேடியோவைச் செல்போனிலேயே கேட்கலாமே என்று பிள்ளைகள் சொல்வது உண்மைதான். ஆகாசவாணியின் செயலியில் திருச்சி, கோடை இரண்டுமே கிடைக்கின்றன. வெளியூர் போனால் நானும் அதில்தான் கேட்கிறேன். வீட்டு அடுப்படியில் வேண்டாம் என்பது என் முடிவு. யாராவது கூப்பிட்டால் நின்றுவிடும், மாவுக் கையோடு திரையைத் தொட முடியாது, எண்ணெய் தெறிக்கும் இடத்தில் அவ்வளவு விலையுள்ள பொருளை வைக்கவும் மனசு வரவில்லை. அதைவிட முக்கியம், என் செல்போன் என்னோடு வேலைக்கு வந்துவிடும். ரேடியோ அத்தையோடு வீட்டில் இருக்கும்.

எங்கே வைப்பது என்பதில் இன்னும் இரண்டு விஷயம். அடுப்புக்கு மேலே உள்ள பலகை கண்ணுக்கு வசதியாகத் தெரியும், அங்கே வைக்கவே கூடாது. தாளிக்கும் புகையில் இருக்கும் எண்ணெய் ஸ்பீக்கர் காகிதத்திலும் சத்தத் திருகுக்குள்ளும் படிந்துவிடும். ஆறே மாதத்தில் திருகைத் தொட்டால் கரகரவென்று வரும். குறைந்தது ஐந்தடி தள்ளி, குழாய்த் தண்ணீர் தெறிக்காத இடம் வேண்டும். மின்சாரத்தில் ஓடும்போது ஈரக் கையால் ஒயரையோ பிளக்கையோ தொடாதீர்கள். எங்கள் வீட்டில் சமைக்கும்போது பேட்டரி, மற்ற நேரம் மின்சாரம். இரண்டாவது, குக்கருக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் ரேடியோ இருக்கக் கூடாது. முதல் வாரத்தில் ஒரு நாள் நாடகம் கேட்ட சுவாரசியத்தில் விசில் எண்ணிக்கை தவறி, பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இப்போது அடுப்பு முன்னால், ரேடியோ முதுகுப் பக்கம். இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மிதமான சூடு இருக்கும் பெட்டி என்றால் கரப்பான் தேடி வரும். பின்பக்கக் காற்றுத் துளைகளில் கொசுவலைத் துண்டு ஒட்டிவிட்டால் காற்று போகும், கரப்பான் போகாது. அத்தை பூவேலை செய்த உறை ஒன்று தைத்தார். பாடும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், தாளிக்கும்போது பாடவில்லை என்றால் மாட்டிவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கிறேன். திருகு கரகரத்தால் அணைத்துவிட்டு இருபது முப்பது தடவை முழுதாக இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேட்காவிட்டால் மெக்கானிக்கிடம் ஒரு துளி சுத்திகரிப்புத் திரவம் விடச் சொல்லலாம். வெளியூர் போவதென்றால் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறோம். உள்ளேயே கிடந்து கசிந்தால், ஸ்பிரிங் அரித்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும்.

டயலில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். நிலையத் திருகின் விளிம்பில், திருச்சி வரும் இடத்துக்கு நேராக ஒரு சொட்டு நகப்பூச்சு. காய்ந்ததும் மேல் மேலாக இன்னும் இரண்டு சொட்டு வைத்தேன், இப்போது கடுகு அளவு மேடாக விரலுக்குத் தட்டுப்படுகிறது. கோடைக்கு இரண்டு மேடு. காலையில் நான் எழுந்து வருவதற்குள் அத்தை ஒற்றை மேட்டைத் தடவி 936இல் நிறுத்தியிருப்பார். அவர் குளிக்கப் போனதும் நான் பேண்ட் மாற்றி இரட்டை மேட்டுக்குத் திருப்பிவிடுவேன். வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். 7.15 நெருங்கும்போது மட்டும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், நானே திருப்பி வைத்துவிடுவேன்.